சூடாகி நின்றுபோகும் பழைய லேப்டாப்: கடைக்குப் போகும் முன் நாமே என்ன பார்க்கலாம்?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் ரொக்கப் புத்தகம் எழுதுவது, உள்கடன் கொடுப்பது, தீர்மானம் போடுவது பற்றிப் பாடம் எழுதுவோம். இந்த மாதம் கணக்கு ஏற்றும் லேப்டாப்பைப் பற்றி எழுதுகிறோம். "அது படிச்ச பிள்ளைங்க பார்க்கிற வேலை, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது முழுக்க முழுக்க நம் அடுப்படியில் தினமும் நடக்கும் சங்கதிதான்.

நடந்தது என்ன?

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி. பன்னிரண்டு குழுக்களின் கணக்கையும் கூட்டமைப்பின் கணக்காளர் அக்காதான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அதற்கென்று தனியாக மெஷின் வாங்கவில்லை. அவருடைய மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த விலையில்லா மடிக்கணினியைத்தான் வைத்திருந்தார். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் லட்சக்கணக்கான அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கிடைத்தது. பிள்ளைகள் படித்து முடித்து, கல்யாணமாகிப் போய்விட்டார்கள். மெஷின் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் இன்றைக்கும் இருக்கும்.

போன சித்திரையில் அந்த மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. போட்டால் ஓடும். இருபது நிமிடம் கழித்து "விர்ர்" என்று சத்தம் போடும். அப்புறம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொசுக்கென்று அணைந்துவிடும். அன்றைக்கு ஏற்றிய கணக்கு போச்சு. மறுபடி போட்டால் பத்து நிமிடம்கூட நிற்காது.

அதே நேரத்தில் மூன்று குழுக்களுக்கு வங்கி இணைப்புக் கடன் வர வேண்டி இருந்தது. வங்கியில் கணக்கு விவரம் கேட்டார்கள். கணக்காளர் அக்கா, "மெஷின் ரிப்பேர்மா, ரெண்டு நாள் பொறுங்க" என்றார். ரெண்டு நாள் ரெண்டு வாரமாயிற்று. கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டுவிட்டார்: "ரிப்பேரா? இல்ல, கணக்குல ஏதாவது இடிக்குதா?"

பதினோரு வருஷமாக ஒரு ரூபாய் கூடக் குறையாமல் கணக்கு வைத்தவர் அவர். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் எங்களிடம் வந்து, "மேடம், என்கிட்ட இருந்து பொறுப்பை எடுத்துக்குங்க. நாப்பது பேர் முன்னாடி இந்தப் பேச்சு கேக்கிறதுக்கு நான் களை எடுக்கவே போயிடறேன்" என்றார்.

டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிடுச்சு, ஆறாயிரம் ஆகும், இல்லன்னா புதுசு வாங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் என்ன கோளாறு தெரியுமா? தூசி. வெறும் தூசி. அதைக் கண்டுபிடித்த விதத்தைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

லேப்டாப்புக்குள் கணக்குப் போடும் மூளை பிராசசர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அது வேலை செய்யும்போது இழுக்கும் கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் பல பிராசசர்கள் 35 வாட் அளவுக்குச் சூடு தரக்கூடியவை. 40 வாட் குண்டு பல்பைக் கையால் தொட முடியுமா? அதற்குச் சற்றுக் குறைவான சூடு, ஒரு விரல் நகம் அளவு இடத்தில் கிளம்புகிறது. அதை உடனுக்குடன் வெளியே அனுப்பாவிட்டால் பிராசசர் தாங்காது.

வெளியே அனுப்ப உள்ளே நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

ஒன்று, பேஸ்ட். பிராசசருக்கும் அதன்மேல் உட்காரும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தடவியிருக்கும் பசை. அடி கோணிப்போன தோசைக்கல் மின்சார ஹாட் பிளேட்டில் சரியாகச் சூடாகாது அல்லவா? நடுவில் காற்று நுழைந்துவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பசை.

இரண்டு, செம்புக் குழாய். இது இட்லிப் பானை மாதிரி. குழாய்க்குள் கொஞ்சம் திரவம் இருக்கும். பிராசசர் பக்கம் சூட்டில் ஆவியாகும். மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து, இட்லிப் பானை மூடியில் நீர் கோர்ப்பது போல மறுபடி திரவமாகித் திரும்பி வரும். போகும்போது சூட்டைச் சுமந்துகொண்டு போய் அங்கே இறக்கிவிடும்.

மூன்று, தகட்டு அடுக்கு. குழாயின் மறுமுனையில் சீப்புப் பல் போல மெல்லிய தகடுகள் நெருக்கமாக இருக்கும. சூடான காபியை டம்ளரில் இருந்து டவராவில் ஊற்றினால் ஏன் சீக்கிரம் ஆறுகிறது? பரப்பு அதிகம். அதே கணக்குதான் இங்கேயும்.

நான்கு, சின்ன ஃபேன். கீழே இருந்து காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் தள்ளும். லேப்டாப்பின் ஓரத்தில் கை வைத்தால் சூடான காற்று வருவது இதனால்தான்.

இந்த நான்கு பேரில் ஒருவர் வேலை செய்யாவிட்டாலும் சூடு உள்ளேயே தங்கிவிடும். சூடு ஏறினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "மெஷின் ஸ்லோவா இருக்கு" என்று சொல்கிறோமே, அது பல நேரம் இதுதான். அப்படியும் சூடு அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பெரும்பாலான பிராசசர்களில் இந்த எல்லை 90 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் வரும். குக்கரின் சேஃப்டி வால்வு போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆக, அணைவது கோளாறு அல்ல. கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று அது சொல்கிறது.

மார்கழியில் ஓடியது சித்திரையில் ஏன் நிற்கிறது?

கணக்காளர் அக்கா கேட்ட நல்ல கேள்வி இது. ஃபேன் வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. வெளிக்காற்று 10 டிகிரி கூடினால் பிராசசரின் சூடும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். தைமாதம் காலையில் 25 டிகிரி. கத்திரி வெயிலில் நம் பக்கம் 40-ஐத் தாண்டுகிறது. தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மத்தியானம் இன்னும் அதிகம். தூசி சேர்ந்த மெஷின் மார்கழியில் 80-ல் தாக்குப்பிடித்திருக்கும். சித்திரையில் 95-க்குப் போய்விட்டது. வியாதி ஆறு மாதம் முன்பே வந்தாயிற்று. வெயில் அதைக் காட்டிக்கொடுத்தது.

நம் ஊர்ப் பக்கம் தூசிக்குப் பஞ்சமா? அறுவடை நேரத்தில் நெல் சுணை, கிரஷர் பக்கம் கல் மாவு, ரோட்டில் டிப்பர் போனால் புழுதி, போதாக்குறைக்குத் துணியின் பஞ்சு. எல்லாம் அந்தச் சின்ன ஃபேன் வழியாகத்தான் போகிறது.

முதலில்: இது சூட்டுக் கோளாறுதானா?

அணைந்துபோகிற மெஷின் எல்லாம் சூட்டால் அணைவதில்லை. கீழே உள்ளதைப் பாருங்கள்.

1. போட்டு 10 முதல் 30 நிமிடத்தில் அணைகிறது, உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது, ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான்.

2. சார்ஜர் ஒயரை அசைத்தால் அணைகிறது, அல்லது கரண்ட் போன அதே நொடி அணைகிறது என்றால் சார்ஜர், பிளக் அல்லது பேட்டரி.

3. அணையவில்லை, ஆனால் நீலத் திரை வந்து நிற்கிறது, "டக் டக்" என்று உள்ளே சத்தம் வருகிறது என்றால் ஹார்ட் டிஸ்க் அல்லது வேறு பாகமாக இருக்கலாம். உடனே கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

4. காற்று வரும் ஓரத்தில் கை வையுங்கள். ஃபேன் சத்தம் பலமாக இருக்கிறது, ஆனால் காற்று ஊதுபத்திப் புகை மாதிரி மெதுவாக வருகிறது என்றால் தகட்டில் தூசி அடைத்திருக்கிறது. மெஷின் கொதிக்கிறது, சத்தமே இல்லை, காற்றும் இல்லை என்றால் ஃபேன் நின்றுவிட்டது. காற்று நன்றாக வருகிறது, ஆனால் அதில் சூடே இல்லை, மெஷின் மட்டும் அணைகிறது என்றால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சூடு தகடு வரை வந்து சேரவில்லை.

5. மெஷினைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற நீல அல்லது சாம்பல் நிறத் திரை வரும். மாடலுக்கு மாடல் பட்டன் மாறும். அங்கே எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸ் ஓடாத அந்த நிலையிலும் பதினைந்து நிமிடத்தில் அணைந்தால் வைரஸ் மேல் பழி போட வேண்டாம், உள்ளேதான் கோளாறு. சில மெஷின்களில் அந்தத் திரையிலேயே பிராசசரின் சூடு எத்தனை டிகிரி என்றும் காட்டும்.

எங்கள் கணக்காளர் அக்காவின் மெஷினில் சத்தம் இருந்தது, காற்று இல்லை. அப்போதே பாதி புரிந்துவிட்டது.

படி 1: இடத்தை மாற்றுங்கள் (செலவு இல்லை)

மெத்தை, தலையணை, பாய், மடியில் விரித்த துணி, இவற்றின்மேல் வைத்தால் கீழே உள்ள காற்று ஓட்டை அடைபடும். பலகை அல்லது மேஜைமேல் வையுங்கள். பின்பக்கத்து இரண்டு மூலையிலும் தண்ணீர் பாட்டில் மூடி ஒவ்வொன்று கொடுத்துத் தூக்கிவிட்டால் காற்று நன்றாகப் போகும். ஓட்டைக்கு நேரே மூடியை வைத்துவிடாதீர்கள்.

கோடையில் கணக்கு ஏற்றும் வேலையைக் காலை பத்து மணிக்குள் அல்லது சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். ஷீட் போட்ட கட்டடம் என்றால் மத்தியானம் வேண்டவே வேண்டாம். தூசி படக்கூடாது என்று மேலே துணி போர்த்துகிறவர்கள், அணைத்து ஆறிய பிறகு போர்த்துங்கள்.

படி 2: மெஷினுக்கு வேலையைக் குறையுங்கள் (செலவு இல்லை)

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சி.பி.யு. என்ற இடத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நாம் ஒன்றும் செய்யாதபோது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 70, 80 என்று காட்டினால் ஏதோ ஒன்று பின்னால் ஓடுகிறது. தெரியாமல் இறக்கிய விளையாட்டாக இருக்கலாம், இரண்டு வைரஸ் எதிர்ப்பு சாஃப்ட்வேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். விண்டோஸ் அப்டேட் ஓடினாலும் கொஞ்ச நேரம் ஏறும். அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

இன்னொரு நல்ல வழி உண்டு. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் என்று போங்கள். பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதற்குள் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் என்று இருக்கும். அது 100 என்று இருந்தால் 80 என்று மாற்றுங்கள். வண்டியை எண்பதுக்கு மேல் முறுக்காதே என்று சொல்வது போல. நம் கணக்கு வேலைக்கு அந்த வேகமே தாராளம். சூடு கண்கூடாகக் குறையும். ஆனால் ஒன்று: இது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி. தூசி அடைத்திருந்தால் தூசியை எடுக்காமல் தீராது.

படி 3: தூசி எடுப்பது (கவனமும் பொறுமையும் மட்டும்)

வேண்டியவை: சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், புதிய மெல்லிய பெயிண்ட் பிரஷ், ஈர்க்குச்சி ஒன்று, கேமரா துடைக்கும் ரப்பர் பல்ப் அல்லது கையால் அழுத்தும் ப்ளோயர், ஒரு வெள்ளைத் தாள்.

மெஷினை முழுதாக அணையுங்கள். ஸ்லீப்பில் விடக்கூடாது. சார்ஜரைப் பிடுங்குங்கள். பழைய மாடல்களில் பேட்டரியை அடியில் உள்ள தாழ்ப்பாளை நகர்த்திக் கழற்றிவிடலாம். கழற்றிய பிறகு பவர் பட்டனைப் பத்து, பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் கரண்ட் போய்விடும். அரைமணி நேரம் ஆறட்டும்.

பாலியஸ்டர், நைலான் சேலையில் உட்கார்ந்து இந்த வேலை செய்யாதீர்கள். பட்டும் வேண்டாம். உரசலில் உண்டாகும் மின்சாரம் நமக்குத் தெரியாமலேயே உள்ளே உள்ள பாகத்தைக் கெடுத்துவிடும். பருத்தி கட்டிக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன் இரும்பு ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு வாருங்கள்.

அடியில் ஸ்க்ரூ போட்ட சின்ன மூடி இருக்கும். சில மாடல்களில் அதைத் திறந்தாலே ஃபேன் தெரியும். கழற்றிய ஸ்க்ரூவை வெள்ளைத் தாளில் மெஷின் படம் போட்டு, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்தில் வையுங்கள். நீளம் மாறும். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் உள்ளே குத்திவிடும்.

ஃபேன் இறக்கையை ஈர்க்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ப்ளோயரை விட்டு விட்டு அழுத்துங்கள். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில்தான் மெத்தை மாதிரி பஞ்சு அடைத்திருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைத் தூக்கினால்தான் தெரியும். ஃபேன் ஒயரை இழுக்காதீர்கள், பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள்.

மூடி திறந்தும் ஃபேன் தெரியவில்லை, முழு மெஷினையும் பிரிக்க வேண்டும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அது தெரிந்தவர் செய்கிற வேலை. நிறுத்துவது தோல்வி இல்லை.

கணக்காளர் அக்காவின் மெஷினில் நாங்கள் எடுத்தது ஒரு ரூபாய் அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை. கம்பளித் துண்டு மாதிரியே இருந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுக்காடி நான் திருடின்னு பேர் வாங்கினேன்?" என்றார்.

நாங்கள் செய்த தவறு

இதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் அலுவலக லேப்டாப்புக்கு இதே கோளாறு வந்தபோது, சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை வைத்து அடித்தோம். தூசி போனது உண்மை. ஃபேன் கண்மண் தெரியாமல் சுற்றி அச்சு கெட்டது. அந்தக் காற்றில் தண்ணீர்த் துளியும் எண்ணெயும் இருக்கும் என்பதும் அப்போது தெரியாது. புது ஃபேன் போட வேண்டியதாயிற்று. அதனால் சொல்கிறோம், இவை வேண்டாம்:

வாயால் ஊதுவது. எச்சில் போய்விடும்.
டயர் கம்ப்ரஸர்.
வீடு துடைக்கும் வாக்குவம் கிளீனர். உரசல் மின்சாரம் உண்டாகும்.
ஈரத்துணி சுற்றுவது, ஐஸ் வைப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது. உள்ளே நீர் கோர்த்துவிடும்.
ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் விடுவது. தூசி இன்னும் ஒட்டும்.

படி 4: பேஸ்ட்டும் ஃபேனும் (தெரிந்தவர் உதவியோடு)

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன மெஷினில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி இருக்கும். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அளவு ஒரு அரிசி, மிஞ்சிப்போனால் ஒரு துவரம்பருப்பு. "நிறைய வெச்சா நல்லா குளிரும்" என்பது தப்பு. பசை இடைவெளியை நிரப்பத்தான். கெட்டியாகப் பூசினால் அதுவே தடுப்பாகிவிடும்.

செம்புத் தகட்டின் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், நடுவில் கண்ணாடி போலப் பளபளக்கும் சில்லின் ஓரம் உடைந்துவிடும். உடைந்தால் பிராசசர் அவ்வளவுதான். பக்கத்துச் சில்லுகளின்மேல் ரப்பர் மாதிரி மெல்லிய பட்டை ஒட்டியிருந்தால் தூக்கி எறியாதீர்கள், அதன் வேலை தனி. இந்த நுணுக்கம் இருப்பதால்தான் இதைத் தெரிந்தவரிடம் விடச் சொல்கிறோம்.

ஃபேன் "கரகர" என்றால் அச்சு தேய்ந்திருக்கிறது. ஃபேன் மட்டும் தனியாகக் கிடைக்கும். மாடல் நம்பர் மெஷினின் அடியில் இருக்கிறது, எழுதிக்கொண்டு போங்கள்.

கடைக்குப் போகும்போது

"லேப்டாப் ஓடல" என்று சொல்லாதீர்கள். "போட்டு இருபது நிமிஷத்துல அணையுதுங்க, ஃபேன் சத்தம் வருது, காத்து வரல, பயாஸ்லயும் அணையுது" என்று சொல்லுங்கள். கேட்பவர் பேச்சே மாறிவிடும். நம் எதிரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுத்தம் செய்ய எவ்வளவு, பேஸ்ட் எவ்வளவு, ஃபேன் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்குங்கள். கூட்டமைப்புப் பணம் என்றால் ரசீது கட்டாயம். பாகத்தை மாற்றுவதற்கு முன் கணக்கைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால், அல்லது மெஷினின் அடி தூக்கிக்கொண்டு நின்றால், உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். குப்பையோடு கொளுத்துவதும் கூடாது. பழைய பேட்டரியையும் மெஷினையும் அதற்கென்று எடுத்துக்கொள்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். மின்னணுக் கழிவுக்கு என்றே 2022-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இன்னொன்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பழைய மெஷினில் கணக்கு எழுதலாம். வங்கிக் கணக்கைத் திறந்து பணம் அனுப்பும் வேலையை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மெஷின் பிழைத்தது, கணக்கு?

சுத்தம் செய்வதற்கு முன் இருபது நிமிடத்தில் 95 டிகிரி காட்டிய மெஷின், அப்புறம் ஒரு மணி நேரம் ஓடியும் 70-ஐத் தாண்டவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அணைந்ததில் ஒரு கணக்கு ஃபைல் கெட்டுப்போயிருந்தது. திறக்கவே இல்லை. ஆறு வாரக் கணக்கு.

காப்பாற்றியது எது தெரியுமா? நோட்டுதான். கணக்காளர் அக்கா கம்ப்யூட்டர் வந்த பிறகும் ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் கையால் எழுதுவதை விடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, குழு வாரியாகச் செயலாளர்களை வரச்சொல்லி, ஒவ்வொருவர் முன்னாலும் வாசித்து ஏற்றினார். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தச் சகோதரிதான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னார். பன்னிரண்டு குழுவும் பைசா சுத்தமாக ஒத்துப்போனது. அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "அக்கா, அடுத்த மாசத்துல இருந்து எனக்கும் ஏத்தக் கத்துக்குடு, ஒருத்தர் தலையிலயே எதுக்கு எல்லாம்?" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்கு ஆள் எடுத்த விதத்தை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு விதி, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்தில் போடக்கூடாது என்பது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கணக்கு அவ்வளவு பெரிய விஷயம். அன்றைக்கு அந்தக் குடத்துக்குள் விழுந்த ஓலைகளில் பெண்கள் பெயர் இல்லை. இன்றைக்கு ஊர்ப் பெண்களின் சேமிப்புக் கணக்கு நம் கையில் இருக்கிறது. அது தூசியால் போச்சு என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளக்கூடாது.

எனவே கணக்கு மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று கையால் எழுதிய நோட்டு. இரண்டு லேப்டாப். மூன்று பென் டிரைவ், அதுவும் மெஷின் இருக்கும் வீட்டில் அல்லாமல் தலைவர் வீட்டில். வாரம் ஒருமுறை பதிவு எடுங்கள். எடுத்த தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வேலை செய்யும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமியுங்கள். சோறு வடிக்கும்போது கஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பது போல, அது கைப்பழக்கமாக வேண்டும்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊராட்சியில் எத்தனை வீட்டில் ஓடாத லேப்டாப் அலமாரியில் இருக்கிறது? அதில் எத்தனை வெறும் தூசியால் நின்றிருக்கும்?
2. நம் கணக்கின் மூன்றாவது நகல் யார் வீட்டில் இருக்கிறது? கடைசியாக எப்போது எடுத்தோம்?
3. கணக்காளரைத் தவிர வேறு யாருக்குக் கணக்கு ஏற்றத் தெரியும்?
4. மாசி மாதமே, வெயில் ஏறும் முன், மெஷினைச் சுத்தம் செய்யும் பொறுப்பை யார் ஏற்கிறார்கள்?

நான்காவது கேள்விக்கு ஒரு பெயரைத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். கிணறு தூர் வாருவதையும் கூரை மாற்றுவதையும் மழைக்கு முன்பே பார்த்துக்கொள்கிறவர்கள் நாம். இதுவும் அந்த மாதிரி ஒரு வேலைதான்.

பயிற்சி வேண்டும் என்ற கூட்டமைப்புகள் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வருகிறோம். மெஷினை நீங்களே திறக்க வேண்டும், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.